வடிகால் கட்டும் முன் கடைசி மட்டத்தைப் பாருங்கள்

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரைத் தாண்டிய ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். முன்பு நஞ்சையாக இருந்த பத்து ஏக்கர் நிலம், இப்போது அறுபது வீடுகள். ஒவ்வொரு நவம்பரிலும் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள், நான்கு நாள் நிற்கிறது. குடியிருப்போர் நலச் சங்கத்தில் பாதிப் பேர் சாலையை இரண்டடி உயர்த்தச் சொல்கிறார்கள். மீதிப் பேர் பணம் திரட்டி மழைநீர் வடிகால் கட்டலாம் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி தோண்டினால் போதும் என்று சிலர். இந்த மூன்றில் எது சரி என்பது அவர் கேள்வி.

மூன்றில் எதில் கை வைப்பதற்கு முன்னாலும் ஒரே ஓர் எண்ணைக் கண்டுபிடியுங்கள்: உங்கள் தண்ணீர் கடைசியாகப் போய் விழ வேண்டிய இடத்தின் மட்டம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மட்டம் பார்க்கும் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு கழனியிலும் சாலையிலும் நடந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊரைப் போன்ற இன்னொரு புறநகர் மனைப்பிரிவில் என்னை அழைத்துக் காட்டினார்கள். குடியிருப்பவர்களே பணம் போட்டுக் கட்டிய வடிகால் அது. முந்நூறு மீட்டர் நீளம், சுத்தமான கான்கிரீட், மேலே மூடுபலகை. தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பங்குப் பணம் கொடுத்த குடும்பமும் அதில் உண்டு. முதல் பெருமழையிலேயே தண்ணீர் அந்த வடிகால் வழியாக வெளியே போகாமல் உள்ளே வந்திருக்கிறது. கருவியை வைத்துப் பார்த்தேன். வடிகாலின் கடைசித் தரை, அது போய்ச் சேரும் ஓடையின் தரையைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. ஓடையில் தண்ணீர் ஏறியதும் அது நேராகத் தெருவுக்குள் வந்துவிட்டது. ஒப்பந்ததாரர் சாலையிலிருந்து எங்கும் ஒரே ஆழத்தில் பள்ளம் எடுத்திருக்கிறார். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சங்கிலியை அடகு வைத்த வீட்டு அம்மா என்னிடம், "எங்கே தப்பு நடந்தது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. ஒரு நாள் வேலையில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

உங்கள் இடத்துக்கு வருகிறேன். அது நஞ்சையாக இருந்தது என்கிறீர்கள். நெல் வயல் என்பது மழைக்காலத்தில் ஒரு தொட்டி. வரப்பு 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கர் வயல் ஏறக்குறைய 8 லட்சம் லிட்டரைத் தாங்கும். பத்து ஏக்கரில் 80 லட்சம் லிட்டர். நிரம்பிய பிறகே வடிமடை வழியாக அடுத்த வயலுக்கும், அங்கிருந்து வாய்க்காலுக்கும் மெதுவாக இறங்கும். அந்த நிலத்தில் மூன்றடி கிராவல் கொட்டி மனை போட்டபோது, 80 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று சத்தமில்லாமல் மறைந்தது. மனை விற்றவரின் வரைபடத்தில் சாலை இருந்தது, பூங்கா இருந்தது, மின்கம்பம்கூட இருந்தது. அந்தத் தொட்டிக்குப் பதிலாக என்ன என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

அதோடு, மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் இப்போது தெருவுக்கு வருகிறது. வயலில் விழும் மழையில் சுமார் கால் பங்குதான் உடனே ஓடிவரும். கூரை, பேவர் பிளாக், தார்ச்சாலை என்று மூடிய பிறகு ஐந்தில் நான்கு பங்கு ஓடிவரும். ஒரு மணி நேரத்தில் 6 செ.மீ. மழை கொட்டினால், உங்கள் பத்து ஏக்கரிலிருந்து முன்பு விநாடிக்கு ஏறத்தாழ 170 லிட்டர் புறப்பட்டிருக்கும். இப்போது 540 லிட்டர் புறப்படுகிறது. மழையும் நிலமும் அதே அளவுதான், தண்ணீர் மும்மடங்காகிவிட்டது.

இதற்கு எதிரே, நலச் சங்கங்கள் வழக்கமாகக் கட்டும் இரண்டடி அகலம், இரண்டடி ஆழ வடிகாலை வைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் அது முழுதாக ஓடினால் விநாடிக்கு 260 லிட்டர் அளவுக்குக் கடத்தும். பாதி ஆழத்துக்கு மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் 110 லிட்டருக்கு இறங்கிவிடும். அதாவது, தூர் வாரிய புது வடிகாலே உச்ச மழையில் வருவதில் பாதியைத்தான் கொண்டுபோகும். வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடிகால் மட்டும் போதாது என்பதற்காகவே இந்தக் கணக்கு.

இனி அந்தக் கடைசி மட்டம். ஆயிரத்துக்கு ஒன்று என்றால், ஆயிரம் மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் இறக்கம். உங்கள் தெருவிலிருந்து ஓடை 600 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். அதற்கு 60 செ.மீ. இறக்கம் வேண்டும். வடிகாலின் ஆழம் 60 செ.மீ. ஆக, உங்கள் சாலை மட்டத்திலிருந்து 120 செ.மீ., அதாவது நான்கடி கீழே ஓடையின் மட்டம் இருக்க வேண்டும். இங்கே நான் சொல்வது வறண்ட ஓடையின் தரை மட்டத்தை அல்ல. மழைக்காலத்தில் அதில் ஓடும் நீரின் மட்டத்தை. அதை எப்படி அறிவது? ஓடையைக் கடக்கும் சிறுபாலத்தின் பக்கச் சுவரில் வெள்ளம் விட்டுச் சென்ற கறைக்கோடு இருக்கும். கரையோரம் பல ஆண்டுகளாக மாடு மேய்ப்பவரைக் கேட்டால் கையால் தொட்டுக் காட்டுவார். அந்தக் கோட்டின் மட்டத்துக்கும் உங்கள் தெருவிலேயே தாழ்ந்த இடத்தின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய எண். ஆட்டோ லெவல் கருவியுடன் ஒரு நில அளவையாளர் வந்தால் ஒரு நாளில் முடித்துவிடுவார். ஒரு தெருவுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க, கொத்தனார் மட்டம் பிடிக்கும் தண்ணீர் டியூபே போதும்.

அந்த வித்தியாசம் நான்கடிக்கு மேல் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். வடிகால் வேலை செய்யும். இரண்டடி, ஒன்றரை அடி என்றால், எவ்வளவு பணம் கொட்டினாலும் ஓடை நிரம்பிய நேரத்தில் உங்கள் தண்ணீர் வெளியேறாது. அப்போது செய்ய வேண்டியது, ஓடை வடியும்வரை தண்ணீரை உங்கள் எல்லைக்குள்ளேயே தீங்கில்லாத ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது.

உங்கள் பகுதியில் ஓடை ஏன் நிரம்புகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியையே சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன. அங்கே புகுந்தது முதன்மையாக ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அந்த வட்டாரத்தில் நேராகப் பெய்த மழையும்தான். 2015 டிசம்பர் 1 அன்று பெய்யத் தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. உங்கள் பத்து ஏக்கரில் மட்டும் அன்று விழுந்தது ஏறக்குறைய இரண்டு கோடி லிட்டர். அப்படிப்பட்ட நாளுக்கு எந்த மனைப்பிரிவும் வடிகால் கட்ட முடியாது. மாடிக்குப் போய் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி. நாம் திட்டமிட வேண்டியது ஆண்டுதோறும் வரும் 5 செ.மீ., 10 செ.மீ. மழைகளுக்கு. அவற்றுக்கே நான்கு நாள் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் சரிசெய்யக்கூடிய அநியாயம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல, ஒரு சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்து, போக்கு வாய்க்காலில் ஓடி, கீழ் ஏரிக்கு வரத்தாகும். பெரிய ஏரிகளுக்கு நடுவே சிறிய தாங்கல்கள் இருக்கும். பழவந்தாங்கல் போன்ற பெயர்களில் அந்தச் சொல் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் பெரிய ஏரியின் நிலத்தில்தான் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரியே இல்லாத லேக் வியூ ரோடு இருக்கிறது. முகப்பேரில் வீட்டு வசதித் திட்டத்தின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஏரியை அழித்தது ஒரு தவறு. அதைவிட அதிகம் பேசப்படாத தவறு, இரண்டு ஏரிகளுக்கு இடையே ஓடிய வாய்க்காலை அழித்தது. ஏரி கண்ணுக்குத் தெரியும், அதற்காக வழக்குப் போட ஆள் இருக்கும். ஆறடி அகல வாய்க்காலின் மேல் ஒரு காம்பவுண்டுச் சுவர் எழுந்தால் மழை வரும்வரை யாருக்கும் தெரியாது.

எனவே, மட்டத்துக்கு அடுத்தபடி நீங்கள் பார்க்க வேண்டியது காகிதம். உங்கள் மனைப்பிரிவின் சர்வே எண்களையும் சுற்றியுள்ள சர்வே எண்களையும் குறித்துக்கொண்டு, அவற்றின் புலப்படங்களை, அதாவது நில அளவை வரைபடங்களை, எடுங்கள். கிராம நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்த நிலங்கள் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 'வாய்க்கால்', 'ஓடை', 'குளம்', 'ஏரி' என்ற சொற்கள் எங்கே வருகின்றனவோ அங்கேதான் உங்கள் பழைய நீர்வழி. பட்டாவில் நஞ்சை என்று இருக்கும் நிலத்துக்குள்ளும் வாய்க்காலின் இரட்டைக் கோடு புலப்படத்தில் ஓடும். அந்தக் கோடு இன்று யாருடைய கார் ஷெட்டுக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அது உங்கள் சங்கத்து உறுப்பினரின் வீடாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அவரைக் குற்றவாளியாக்காதீர்கள். அவரும் விற்றவரை நம்பி வாங்கியவர்தான். பக்கத்துச் சாலையோரமாக அதே மட்டத்தில் மாற்றுக் கால்வாய் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

சாலையை உயர்த்தும் யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இரண்டடி உயர்த்தினால் சாலையில் தண்ணீர் நிற்காதுதான். அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் நிற்கும். முதலில் கட்டிய வீடுகள், பெரும்பாலும் ஓய்வூதியப் பணத்தில் கட்டிய முதியவர்களின் வீடுகள், தெருவைவிடத் தாழ்ந்துபோகும். பிறகு அவர்கள் வாசலில் ஒரு தடுப்புச் சுவர் கட்டுவார்கள், அடுத்த வீட்டார் முற்றத்தில் மண் கொட்டுவார்கள். பத்தே ஆண்டில் ஒரே தெருவில் மூன்று மட்டங்களில் வீடுகள் நிற்பதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஏற்கெனவே உள்ள சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய அடுக்குப் போட வேண்டும், மட்டம் ஏறக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது, ஜல்லி கொட்டுவதற்கு முன்பே அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கொட்டிய பின் பேசிப் பயனில்லை. மனைப்பிரிவுக்கு வெளியே உள்ள பெரிய சாலைகளையும் கவனியுங்கள். உயரமாகப் போடப்பட்ட சாலை, போதிய சிறுபாலங்கள் இல்லையென்றால், ஓர் ஏரிக்கரையே. கரைக்கு எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் நவம்பர் அமையும். அடைபட்ட ஒரு குழாய்ப் பாலத்தைத் தூர் வாரியதிலேயே ஒரு தெருவின் நான்கு நாள் வெள்ளம் ஆறு மணி நேர வெள்ளமாகக் குறைந்ததை நேரில் கண்டிருக்கிறேன்.

உறிஞ்சுகுழி சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கியது மிக நல்ல முடிவு. ஆனால் அது கோடையில் கிணற்றுக்குத் தண்ணீர் தருவதற்கான ஏற்பாடு. வெள்ளத்தைத் தடுக்கும் என்று அதை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நஞ்சை நிலத்தில் மேலே களிமண், நவம்பர் நடுவில் நிலத்தடி நீரும் தரையைத் தொட்டுவிடும். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் எதை ஊற்றுவது? நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். சில அங்குலம் இறங்கினால் குழி வேலை செய்யும். மறுநாளும் தண்ணீர் நின்றால், களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே உள்ள மணல் அல்லது சிதைந்த பாறை அடுக்கு வரை உறை இறக்கினால்தான் பயன். கூரை நீரை மட்டும் அதில் விடுங்கள். தெருத் தண்ணீரை விடவே கூடாது. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதியில் கழிவுநீர்த் தொட்டிகள் பொங்கித் தெருத் தண்ணீரில் கலந்திருக்கும். அதைக் கிணற்றுக்குள் இறக்கினால் தெரு முழுவதும் நோய் பரவும்.

கூரை நீரை நிலத்தடித் தொட்டியில் பிடிப்பதும் உதவும். ஆனால் எவ்வளவு என்று தெரிந்து செய்யுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை என்றால் 9,300 லிட்டர். அறுபது வீட்டாரும் பெருமழை அறிவிப்பு வந்த அன்று சம்ப்பில் ஐயாயிரம் லிட்டர் இடம் ஒழித்து வைத்தால் 3 லட்சம் லிட்டர் தெருவுக்கு வராது. அதே மழையில் பத்து ஏக்கரிலிருந்து ஓடிவருவது 32 லட்சம் லிட்டர். பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு.

மீதியை எங்கே நிறுத்துவது? இதற்கான விடை உங்கள் மனைப்பிரிவுக்குள்ளேயே இருக்கிறது, பூங்கா. இந்த அளவுள்ள மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பத்து ஏக்கரில் சாலை போக ஏழு ஏக்கர் என்றால், பூங்கா 70 சென்ட். அந்தப் பூங்காவைச் சுற்றுமதில் கட்டி, மண் கொட்டித் தெருவைவிட ஓரடி உயர்த்தி, நடுவில் சிமெண்ட் நடைபாதை போட்டு வைத்திருப்பீர்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். தெரு மட்டத்திலிருந்து இரண்டடி தாழ்த்திச் சரிவான கரையுடன் ஒரு தாங்கல் போல வெட்டினால், 17 லட்சம் லிட்டர் நிற்கும். 32 லட்சத்தில் பாதிக்கு மேல். ஆண்டில் பெரும்பகுதி அது குழந்தைகள் விளையாடும் புல்தரை. சில நாள் மட்டும் குளம். சென்னை மாநகராட்சி, மழைநீரைத் தேக்கி உறிஞ்சும் பஞ்சுப் பூங்கா என்று செய்வதும், கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளம் வெட்டியதும் இதே அடிப்படையில்தான். பூங்கா நிலம் பொதுவாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். எனவே ஊராட்சியின் தீர்மானம் இல்லாமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

நிறுத்தி வைப்பதன் பலனை இன்னொரு வகையிலும் சொல்கிறேன். உச்ச மழையின்போது விநாடிக்கு 540 லிட்டரை இறைக்கும் மோட்டாரை எந்தச் சங்கமும் வாங்க முடியாது. அதே 32 லட்சம் லிட்டரைத் தாங்கலிலும் தெருவோரப் பள்ளங்களிலும் பிடித்து வைத்துப் பத்து மணி நேரத்தில் வெளியேற்றினால் விநாடிக்கு 90 லிட்டர் போதும். பத்துக் குதிரைத் திறன் மோட்டாரால் ஆகிற வேலை. ஓடையில் வடிகால் முடியும் இடத்தில், தண்ணீர் வெளியே போகும்போது மட்டும் திறந்து, எதிர்த்து வரும்போது தானே மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு ஒன்றை வையுங்கள். நான் முன்னால் சொன்ன மனைப்பிரிவை ஓரளவு மீட்டது இதுதான். மோட்டார் தண்ணீரை ஓடையில் விட வேண்டும். பக்கத்து மனைப்பிரிவின் தெருவில் அல்ல. அங்கே இருப்பவர்களும் உங்களைப் போல நகையை அடகு வைத்தவர்கள்தான்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதில் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். ஏரியும் அதன் கலங்கலும் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம், சிறிய ஏரியும் குளமும் ஊராட்சியிடம், பெரிய சாலையின் சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறையிடம், எல்லைக் கல் வருவாய்த் துறையிடம். ஒரே தண்ணீர் நான்கு அலுவலகங்களைக் கடக்கிறது. "வெள்ளம் வருகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதிய மனு நான்கிலும் தூங்கும். "இந்தச் சர்வே எண்ணில் உள்ள வாய்க்கால் இந்த இடத்தில் இத்தனை மீட்டருக்கு அடைபட்டிருக்கிறது, இந்தச் சிறுபாலத்தின் மூன்று குழாய்களில் இரண்டு மூடியிருக்கின்றன, மட்ட வித்தியாசம் இவ்வளவு" என்று புலப்பட நகலோடு எழுதினால், அதைத் தள்ளிவைப்பது எந்தப் பொறியாளருக்கும் எளிதல்ல. அலுவலகத்தில் உட்கார்ந்து மனுக்களைப் படித்தவனாகச் சொல்கிறேன். கிராம சபையில் வையுங்கள். ஆனால் அக்டோபர் 2 கூட்டத்தில் வைத்தால் வேலை தொடங்கும் முன் மழை வந்துவிடும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, அல்லது மே 1 கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தூர் வாரும் வேலைக்கு ஜூன், ஜூலைதான் காலம்.

இந்த ஆண்டுக்குள் முடியக்கூடியவை சில உண்டு. கழிவுநீர்க் குழாயில் எதிர்த்து வரும் நீரைத் தடுக்கும் வால்வு ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்துங்கள். கழிப்பறை வழியாக வெள்ளம் ஏறுவது நின்றுவிடும். மின் மீட்டரையும் கீழ்த்தள ஸ்விட்சுகளையும் பழைய வெள்ளக் கறைக்கு மேலே உயர்த்துங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உறையைத் தரையிலிருந்து மூன்றடி நீட்டி மூடி போடுங்கள். ஒரு சில வீடுகளில் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பார்கள். அதைச் சங்கமே கண்டறிந்து, பேசித் துண்டிக்க வேண்டும். அடைப்பு ஏற்படுவதில் அதற்கும் பங்கு உண்டு.

அடுத்த மழையில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. குடையோடு தெருவில் இறங்கி, தண்ணீர் எந்த மூலையிலிருந்து முதலில் நுழைகிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எப்போது நகர்வதை நிறுத்துகிறது என்று பாருங்கள். அறுபது காம்பவுண்டுச் சுவர்களிலும் உச்சத்துக்கு ஏறிய கோட்டைப் பெயிண்டால் குறித்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். சிறுபாலத்தின் சுவரிலும் அதே நேரத்தில் ஒரு கோடு. மழை விட்ட பிறகு அந்தக் கோடுகளுக்கு மட்டம் எடுத்தால், வடிகாலா, தாங்கலா, மோட்டாரா என்று சங்கக் கூட்டத்தில் இத்தனை நாளாக நடக்கும் விவாதம் ஒரே தாளில் முடிந்துவிடும். அந்த அளவுகளை எழுதி அனுப்புங்கள். வடிகாலின் சரிவையும் ஒருவழிக் கதவின் உயரத்தையும் நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.